2020-21 கொரோனா நிவாரணம்: கம்பெனிக்குக் கடன் வந்தது, கூலிக்கு என்ன வந்தது?

நூல்கண்டு (இழையைத் தொடங்கியவர்)

2020 மார்ச் 26-இல் சிறு நிறுவனங்களின் பிஎஃப் பங்கை அரசே கட்டும் என்றார்கள். மே 13-இல் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் சிறுதொழிலுக்கு 3 லட்சம் கோடி ரூபாய் பிணையில்லாக் கடன் என்று அறிவித்தார். நவம்பர் 12-இல் புதிதாக ஆள் எடுப்பவர்களுக்கு பிஎஃப் மானியம் வந்தது. பேப்பரில் மூன்றுமே பெரிய திட்டங்கள். ஒரே தெருவில் ஒரு கம்பெனிக்கு மூன்றும் கிடைத்தது, எதிர்த்த கம்பெனிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் காரணம் எங்கே இருக்கிறது? பின்னலாடை, விசைத்தறி, ஃபவுண்டரிக் கணக்குப் பார்ப்பவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். விதியையும் கணக்கையும் முதலில் வைப்போம், அரசியல் அதற்குப் பிறகு வரட்டும்.

என் கருத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். யாருக்கு நஷ்டம் என்று பார்த்து உதவி போகவில்லை, யார் பெயர் எந்தப் பதிவேட்டில் எந்தத் தேதியில் இருந்தது என்று பார்த்துத்தான் போனது.

பற்றுவரவு

பாதிக் குழப்பம் கடன் திட்டத்தில்தான், அதை முதலில் எழுதிவிடுகிறேன். மே 13-இல் அறிவித்த அந்த பிணையில்லாக் கடன்தான் இசிஎல்ஜிஎஸ் (அரசு உத்தரவாதத்தோடு வங்கி கொடுக்கும் அவசரக் கடன்). அதன் அளவு 2020 பிப்ரவரி 29 அன்று வங்கியில் நின்ற பாக்கியில் 20 சதவீதம். தொடக்கத்தில் மொத்த பாக்கி 25 கோடிக்குள், விற்றுமுதல் 100 கோடிக்குள் இருக்க வேண்டும். ஆகஸ்டில் 50 கோடி, 250 கோடி என்று ஏற்றினார்கள். டாக்டர், வக்கீல், ஆடிட்டர் ஆகியோர் தொழிலுக்காகத் தம் சொந்தப் பெயரில் வாங்கியிருந்த கடனும் அப்போதுதான் சேர்ந்தது. அந்த பிப்ரவரி 29-இல் 60 நாளுக்கு மேல் தவணை நின்றிருந்த கணக்குக்குக் கிடையாது.

வட்டிக்கு உச்சவரம்பு வங்கியில் 9.25, நிதி நிறுவனத்தில் 14 சதவீதம். நாலு வருடக் கடன், முதல் வருடம் வட்டி மட்டும். செயலாக்கக் கட்டணம் வாங்கக் கூடாது, முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கூடாது, புதிதாகச் சொத்து கேட்கக் கூடாது. ஏற்கெனவே கொடுத்த அடமானத்தின் மேல் இரண்டாம் உரிமை (பழைய கடனுக்கு அடுத்தபடியாக வரும் உரிமை) மட்டும் எழுதிக்கொள்வார்கள்.

ஒரு கணக்கு: பாக்கி 80 லட்சம், கிடைப்பது 16 லட்சம். முதல் 12 மாதம் மாதம் 12,333 ரூபாய் வட்டி. 13-ஆவது மாதத்திலிருந்து 36 மாதத்துக்கு மாதத் தவணை 51,000 ரூபாயைக் கொஞ்சம் தாண்டும். வாங்கிய அன்றே இந்த இரண்டாவது எண்ணைக் குறித்து வைத்தவர்கள் மிகக் குறைவு. 12 ஆயிரத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

காங்கேயம் சாலை

பற்றுவரவு சார், சிசி லிமிட் (தேவைக்கு எடுத்துத் திருப்பிக் கட்டும் வங்கிக் கடன் வரம்பு) 1 கோடி இருந்தால் 20 லட்சம் வந்திருக்க வேண்டும்தானே? 6 லட்சம் மட்டும் கொடுத்த கிளைகள் உண்டு. கேட்டால் "சிஸ்டம் அவ்வளவுதான் காட்டுது" என்று பதில்.

பற்றுவரவு

சிஸ்டம் சரியாகத்தான் காட்டியது. லிமிட்டைப் பார்ப்பதில்லை, அன்றைக்கு எடுத்து நின்ற தொகையைத்தான் பார்ப்பார்கள். பிப்ரவரி 27-இல் பையரிடமிருந்து பெரிய பில் தொகை வந்து சிசி கணக்கில் விழுந்தது என்று வையுங்கள். 95 லட்சம் நின்ற பாக்கி 30 லட்சமாக இறங்கிவிடும். மார்ச் முதல் வாரம் நூலுக்குப் பணம் அனுப்பினால் மறுபடி 90-க்குப் போகும். ஆனால் 29-ஆம் தேதி இருப்பு 30, எனவே 6 லட்சம். பக்கத்துக் கம்பெனி 98 லட்சம் வரை எடுத்து வைத்திருந்தால் 19 லட்சத்து 60 ஆயிரம். தொழில் ஒன்றுதான், லிமிட் ஒன்றுதான், ஆள் எண்ணிக்கையும் ஒன்றுதான். வித்தியாசம் இரண்டு நாள்.

பேக்கிங் கிரெடிட் (ஏற்றுமதி ஆர்டருக்கு வாங்கும் முன்கடன்) பாக்கி கணக்கில் வரும். எல்சி, வங்கி உத்தரவாதம் போன்று பணமாக வெளியே போகாத வசதிகள் வராது. இரண்டு வங்கியில் கடன் இருந்தால் அவரவர் பங்குக்கு அவரவர் கொடுக்கலாம். ஒரே வங்கியில் மொத்தமாக வாங்க மற்ற வங்கியின் தடையில்லாச் சான்று வேண்டும். அதற்கு அலைந்தே இரண்டு மாதத்தை இழந்தவர்கள் உண்டு.

முக்கியமானது இன்னொன்று. வங்கிக் கடனே இல்லாமல் சீட்டு எடுத்தும், தண்டலுக்கு வாங்கியும், மச்சான் பணத்திலும் 12 மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறவருக்கு 20 சதவீதம் எவ்வளவு? பூஜ்யத்தில் 20 சதவீதம். திட்டத்தின் அமைப்பே அது. எந்தக் கிளை மேலாளர் நினைத்தாலும் மாற்றியிருக்க முடியாது.

படிவம் 31

அதே பூஜ்யம் பிஎஃப் பக்கமும் வருகிறது. மார்ச் 26-இல் அறிவித்த கரீப் கல்யாண் தொகுப்பில் 24 சதவீதத்தையும், அதாவது தொழிலாளி 12, முதலாளி 12, அரசே கட்டியது. முதலில் மார்ச், ஏப்ரல், மே சம்பள மாதங்களுக்கு. பிறகு ஆகஸ்ட் வரை நீட்டினார்கள். நிபந்தனை: மொத்தம் 100 பேருக்குள், அதில் 90 சதவீதம் பேர் மாதம் 15,000 ரூபாய்க்குக் கீழ்.

கவனியுங்கள், "கீழ்" என்றால் 14,999 வரைதான். 60 பேர் உள்ள கம்பெனியில் 54 பேராவது 15,000-க்குக் கீழ் இருக்க வேண்டும். மாஸ்டர், சூப்பர்வைசர், மெர்ச்சன்டைசர், கணக்கர் என்று 6 பேர் மேலே இருந்தால் பரவாயில்லை. ஏழாவதாக ஒரு கட்டிங் மாஸ்டருக்குச் சரியாக 15,000 என்று போட்டிருந்தால் 88 சதவீதமாகி, மீதி 53 பேருக்கும் பலன் கிடைக்காமல் போய்விடும். ஒரு ஆளின் ஒரு ரூபாயில் மொத்தக் கம்பெனியும் வெளியே நின்றது.

தகுதி இருந்தால் தொகை சின்னதில்லை. எல்லோரும் தகுதிக்குள் வரும் 60 பேர், தலைக்கு 10,000 பிஎஃப் சம்பளம் என்றால் மாதம் 1,44,000 ரூபாய், ஆறு மாதத்துக்கு 8,64,000. இதில் பாதி தொழிலாளியுடையது. அரசு கட்டும் மாதத்தில் கூலியிலிருந்து 12 சதவீதம் பிடிக்கக் கூடாது, தலைக்கு 1,200 ரூபாய் கையில் கூடுதலாகப் போக வேண்டும். பழக்கத்தில் பிடித்துவிட்டு, அரசு கட்டியதையும் காட்டிய கணக்குகள் பின்னால் சிக்கலில் மாட்டின. தொழிலாளிகள் சம்பளச் சீட்டை எடுத்து அந்த ஆறு மாதத்தைப் பார்ப்பது நல்லது.

இன்னொரு தடை ஆதார். யுஏஎன் என்ற பிஎஃப் உறுப்பினர் எண்ணுடன் ஆதார் சரிபார்த்து இணைக்காதவருக்கு இந்தப் பலன் விழாது. ஆதாரில் தகப்பனார் பெயரின் முதலெழுத்து முன்னால், பிஎஃப்-இல் பின்னால் என்று இருந்தாலே பொருந்தாது. நம் ஊர் பெயர் எழுதும் முறைக்கு இது பெரிய தொல்லை.

சங்கக் கொடி

தோழர் படிவம் 31 சொன்ன 8 லட்சத்து 64 ஆயிரம், ஆறு மாதமும் முழுக்கூலி கொடுத்த கம்பெனிக்கு மட்டும். ஏப்ரல் 2020-இல் பனியன் கம்பெனிகள் பூட்டிக் கிடந்தன. பவர் டேபிளில் உட்காருகிறவர், ஓவர்லாக் அடிக்கிறவர், செக்கிங் பெண்கள், பலருக்கும் பீஸ் ரேட், சனிக்கிழமை கூலி. ஓடாத வாரத்துக்குக் கூலி இல்லை. கூலி பூஜ்யம் என்றால் அதில் 24 சதவீதமும் பூஜ்யம். எந்த மாதத்தில் உதவி அதிகம் தேவைப்பட்டதோ அந்த மாதத்தில்தான் திட்டம் ஒன்றும் கொடுக்காத மாதிரி கட்டியிருக்கிறார்கள்.

மார்ச் 29 அன்று உள்துறை அமைச்சகம் முழுக்கூலி கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. கொடுக்கப் பணம் எங்கிருந்து வரும் என்று அதில் ஒரு வரி கிடையாது. மே 18-இலிருந்து அந்த உத்தரவு நடைமுறையில் இல்லை. ஜூன் 12-இல் உச்ச நீதிமன்றம், முதலாளியும் தொழிலாளியும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றது. கூலி இழந்து ஊருக்குப் போய்விட்ட ஒடிசாக்காரரும் பீகார்க்காரரும் யாரிடம் போய்ப் பேசுவது?

மாநில அரசு 2020 ஏப்ரலில் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய் கொடுத்தது. 2021-இல் மே, ஜூன் இரண்டு தவணையில் 4,000. நல்ல உதவி, ரேஷன் கடையில் கையில் கொடுத்தார்கள், படிவ அலைச்சல் இல்லை. ஆனால் இங்கே அட்டை இல்லாத வெளிமாநிலத் தொழிலாளிக்கு அந்தப் பணம் கிடையாது. ஊர் திரும்பியவர்களுக்கு என்று ஜூன் 20-இல் மத்திய அரசு தொடங்கிய 125 நாள் வேலைத் திட்டம் 6 மாநிலங்களில் 116 மாவட்டத்துக்கு. தமிழ்நாடு அதில் இல்லை. இங்கே கிராமத்துக்குத் திரும்பியவர்களுக்கு நூறு நாள் வேலைதான் கைகொடுத்தது, 2020-21-இல் நாள் கூலி 256 ரூபாய்.

சிங்கை வாசகன்

ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று சொல்கிறேன். சிங்கப்பூரில் ஜேஎஸ்எஸ் என்று கூலி மானியம் கொடுத்தார்கள். மாதச் சம்பளத்தின் முதல் 4,600 வெள்ளியில் ஒரு பங்கு அரசு. 2020 ஏப்ரல், மே கடையடைப்பு மாதங்களில் எல்லாத் தொழிலுக்கும் 75 சதவீதம். பிறகு தொழிலைப் பொறுத்து 25, 50, 75. விண்ணப்பமே கிடையாது. முதலாளி மாதாமாதம் கட்டும் சிபிஎஃப் (நம் பிஎஃப் மாதிரி) பதிவை வைத்து வரித்துறையே கணக்குப் போட்டு நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் போட்டுவிட்டது. ஆள் எண்ணிக்கையோ சம்பளமோ திடீரென்று ஏறியிருந்தால் நிறுத்தி வைத்து, நீங்களே சரிபார்த்து அனுப்புங்கள் என்று கடிதம் அனுப்பினார்கள்.

ஆனால் சங்கக் கொடி அண்ணன் சொல்லும் குறை அங்கேயும் உண்டு. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான் சிபிஎஃப், ஆகவே அவர்களுக்குத்தான் மானியம். ஒர்க் பெர்மிட்டில் இருந்த நம் ஊர் கட்டுமானத் தொழிலாளிக்கு அது இல்லை. அவரை வேலைக்கு வைத்திருப்பதற்காக முதலாளி அரசுக்குக் கட்டும் லெவி என்ற கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, ஆளுக்கு 750 வெள்ளி திருப்பிக் கொடுத்தார்கள். அந்தப் பணம் போன இடம் முதலாளியின் கணக்கு.

நூல்கண்டு

பிரிட்டனிலும் கிட்டத்தட்ட இதே வழி: வேலை இல்லாமல் வீட்டில் இருப்பவர் சம்பளத்தில் 80 சதவீதம், மாதம் 2,500 பவுண்டு வரை, 2021 செப்டம்பர் 30 வரை அரசு. ஓடாத மாதத்துக்குத்தான் பணம் என்பது அதன் அடிப்படை. நம்முடையது ஓடிய மாதத்துக்குப் பணம். கூலி கொடுத்தவனுக்கு 24 சதவீதம், கடன் வாங்கியிருந்தவனுக்கு 20 சதவீதம்.

கிளை மேலாளர் ஓய்வு

கடனை இவ்வளவு குறைத்துப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 2020 ஜூனில் எந்த வங்கியும், என்ன அடமானம் கொடுத்தாலும், பூட்டியிருக்கும் கம்பெனிக்குப் புதுக் கடன் கொடுத்திருக்காது. அரசின் கடன் உத்தரவாத நிறுவனமான என்சிஜிடிசி 100 சதவீத உத்தரவாதம் கொடுத்ததால்தான் கிளைகள் கை நீட்டின. வங்கிகளில் தகுதி உள்ள எல்லோருக்கும் முன்கூட்டியே ஒப்புதல். வேண்டாம் என்றால் நீங்கள்தான் சொல்ல வேண்டும். இப்படி ஒரு கடன் திட்டம் அதற்கு முன் சிறுதொழிலுக்கு வந்ததில்லை. நூல் கடைக்கும் டையிங்குக்கும் நின்ற பாக்கியைத் தீர்த்து மறுபடி சக்கரத்தைச் சுழற்றிவிட்டது அது.

அதே சமயம், உத்தரவாதம் என்ற சொல்லைப் பலர் தப்பாகப் புரிந்துகொண்டார்கள். அரசு வங்கிக்குத்தான் உத்தரவாதம், உங்களுக்கு இல்லை. கணக்கு வாராக்கடனாகி வங்கி கோரினால் முதலில் 75 சதவீதம் வரும், மீதி வசூல் நடவடிக்கை முடிந்த பிறகு. அதனால் வங்கி, அடமானச் சொத்தை எடுத்துக்கொள்ளும் சர்ஃபேசி சட்ட நோட்டீஸ் அனுப்பித்தான் ஆகும். "கவர்மென்ட் கட்டிடும்" என்று தவணையை விட்டவர்கள் பழைய அடமானச் சொத்தையே ஆபத்தில் வைத்தார்கள். இரண்டாம் உரிமை என்று பற்றுவரவு எழுதியது இதற்குத்தான்.

காங்கேயம் சாலை

சார், 2020 ஜூலையில் வாங்கியவருக்கு 2021 ஜூலையில் அந்த 51,000 தவணை ஆரம்பம். அதற்கு இரண்டு மாதம் முன்னால், மே மாதம், தமிழ்நாட்டில் இரண்டாவது முழு ஊரடங்கு. அந்த வருடம் நூல் விலையும் ஏறிக்கொண்டே போனது. எடுத்த கடன் நூலிலேயே கரைந்தது. இதற்கு ஏதாவது வழி இருந்ததா?

கிளை மேலாளர் ஓய்வு

இருந்தது, ஆனால் கேட்டு வந்தவர்கள் குறைவு. 2021 மே 5-இல் ரிசர்வ் வங்கி இரண்டாவது சீரமைப்புத் திட்டத்தை அறிவித்தது. அதன்படி கடனைச் சீரமைத்தவர்கள் முதல் இசிஎல்ஜிஎஸ் கடனை 5 வருடமாக மாற்றிக்கொள்ளலாம் என்று மே 30-இல் வந்தது: 2 வருடம் வட்டி மட்டும், பிறகு 36 தவணை. அதோடு பழைய பிப்ரவரி 29 பாக்கியில் இன்னொரு 10 சதவீதம் கூடுதல் கடன். 80 லட்சத்துக்கு மேலும் 8 லட்சம். சீரமைத்தால் பின்னால் லிமிட் ஏற்றும்போது கேள்வி வரும் என்று பயந்து பலர் தொடவில்லை. அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் தவணை தவறுவது அதைவிட மோசம்.

பற்றுவரவு

ரிசர்வ் வங்கி அனுமதித்த தவணை ஒத்திவைப்பு பற்றியும் ஒரு கணக்கு. 2020 மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை ஆறு மாதம். 12 சதவீத வட்டியில் 20 லட்சம் கடன் என்றால் கூட்டுவட்டியில் 1,23,040 ரூபாய் அசலில் ஏறியது. தனிவட்டி 1,20,000. வட்டிக்கு வட்டி என்று அக்டோபர் 23 அறிவிப்பின்படி திரும்பி வந்தது இடையில் உள்ள 3,040 மட்டும். 2 கோடி வரை கடன் உள்ளவர்களுக்கு அது, ஒத்திவைக்காமல் ஒழுங்காகக் கட்டியவர்களுக்கும் உண்டு. 2021 மார்ச் 23 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்கும் கூட்டுவட்டி நீங்கியது. தவணை கட்டவில்லை, அதனால் லாபம் என்று நினைத்தவர்கள் அசல் ஏறியதைப் பார்க்கவில்லை.

படிவம் 31

நவம்பரில் வந்த ஏபிஆர்ஒய், அதாவது புதிதாக ஆள் எடுப்பவர்களுக்கான பிஎஃப் மானியம் பற்றி யாரும் தொடவில்லை. வேலை உருவாக்கத்துக்கு என்று நேராக வந்தது இதுதான். 2020 அக்டோபர் 1-க்குப் பிறகு சேர்ந்த, 15,000-க்குக் கீழ் சம்பளம் உள்ள புது ஆளுக்கு இரண்டு வருடம் பிஎஃப் அரசு கட்டும். 1,000 பேர் வரை உள்ள நிறுவனத்துக்கு 24 சதவீதம், அதற்கு மேல் போனால் தொழிலாளி பங்கு 12 மட்டும். சேர்க்கும் கடைசி நாள் 2021 ஜூன் 30 என்று இருந்து, 2022 மார்ச் 31 வரை நீண்டது.

மாட்டிக்கொள்வது இரண்டு இடத்தில்.

ஒன்று, அடிப்படை எண்ணிக்கை. 2020 செப்டம்பர் இசிஆர்-இல் (முதலாளி மாதாமாதம் பிஎஃப்-க்குத் தாக்கல் செய்யும் ஆள் பட்டியல்) எத்தனை பேர் என்பதுதான் அது. 50 பேர் வரை என்றால் குறைந்தது 2 பேர், 50-க்கு மேல் என்றால் 5 பேர் கூடுதலாக எடுக்க வேண்டும். செப்டம்பரில் 48 பேர் காட்டியவர் 50-க்குப் போனால் போதும். 51 காட்டியவர் 56-க்குப் போக வேண்டும். ஊரடங்கிலும் ஆட்களைக் கைவிடாமல் செப்டம்பரில் முழு எண்ணிக்கை வைத்திருந்த முதலாளிக்கு அடிப்படை உயரம், மானியம் எட்டாது. எல்லோரையும் நிறுத்திவிட்டு அக்டோபரில் திரும்பக் கூப்பிட்டவருக்கு எளிதில் கிடைத்தது. வேலையைக் காப்பாற்றியவருக்குத் தண்டனை மாதிரி ஆகிவிட்டது, இதை நான் பெரிய குறையாகப் பார்க்கிறேன்.

இரண்டு, தொழிலாளியின் பழைய யுஏஎன். மார்ச் 1 முதல் செப்டம்பர் 30-க்குள் வேலை இழந்தவர் என்றால் பழைய யுஏஎன் இருந்தாலும் தகுதி உண்டு. ஆனால் பழைய கம்பெனி வெளியேறிய தேதியைப் போடாமல் விட்டிருந்தால் அவர் இன்னும் அங்கே வேலை செய்வதாகத்தான் தெரியும். கடைசியாகப் பணம் கட்டி இரண்டு மாதம் ஆகிவிட்டால் தொழிலாளியே பிஎஃப் தளத்தில் உள்ளே போய் வெளியேறிய தேதியைப் பதியலாம், முதலாளி கையெழுத்து வேண்டாம். இது தெரியாமல் புது யுஏஎன் போட முயன்று, ஆதார் ஏற்கெனவே வேறு எண்ணில் இருக்கிறது என்று திரும்பியவை நிறைய.

பிஎஃப்-இலிருந்து எடுக்க விட்ட கொரோனா முன்பணம் பற்றியும்: மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும், அல்லது கணக்கில் உள்ளதில் 75 சதவீதம், எது குறைவோ அது கிடைத்தது. அது தொழிலாளியின் சொந்தப் பணம், நிவாரணத்தில் சேர்க்கக் கூடாது. அதிலும் நிராகரிப்புக்கு ஒரு காரணம் ஐஎஃப்எஸ்சி என்ற வங்கிக் கிளைக் குறியீடு. 2020 ஏப்ரல் 1-இல் வங்கிகள் இணைந்தன, அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடு, சிண்டிகேட் கனராவோடு. பழைய குறியீடுகள் 2021-இல் செல்லாமல் போயின. பிஎஃப்-இல் வங்கி விவரத்தைப் புதுப்பிக்காதவர்களுக்குப் பணம் திரும்பிப் போனது.

சங்கக் கொடி

வேலை இழந்தவர் கைக்கே வரும் ஒரு திட்டம் இஎஸ்ஐ-இல் (தொழிலாளர் காப்பீடு) இருந்தது. அடல் பீமித் திட்டம். 2020 மார்ச் 24 முதல் சராசரி தினக்கூலியில் 25 சதவீதத்தை 50 ஆக்கினார்கள், 90 நாள் வரை. 90 நாள் காத்திருப்பை 30 ஆக்கினார்கள். முதலாளி கையெழுத்து வேண்டாம், கிளை அலுவலகத்தில் நேரில் கொடுக்கலாம். இரண்டு வருடம் காப்பீட்டில் இருக்க வேண்டும். வேலை போவதற்கு முந்தைய பங்களிப்புக் காலத்தில் (ஆறு மாதம் ஒரு காலம்) 78 நாள், அந்த இரண்டு வருடத்தின் மற்ற மூன்று காலங்களில் ஏதாவது ஒன்றில் 78 நாள்.

தினக்கூலி சராசரி 400 என்றால் நாளுக்கு 200, 90 நாளுக்கு 18,000 ரூபாய். ஆயுளில் ஒரே முறை. அக்டோபர் முதல் மார்ச் வரை ஒரு பங்களிப்புக் காலம். அதில் 78 நாள் என்பது மாதம் 13 நாள்தான், உழைத்தவர் யாருக்கும் அது கஷ்டமில்லை. ஆனால் காண்டிராக்டர் பாதி நாளைத்தான் இஎஸ்ஐ-இல் காட்டியிருந்தால் 78 வராது. ஆள் வேலை செய்தது உண்மை, கூலி வாங்கியதும் உண்மை, பதிவில் 60 நாள். அங்கேயே விழுந்துவிடும்.

தள்ளுவண்டி

கம்பெனியே இல்லாத தெருவோர வியாபாரிகளுக்கு ஸ்வாநிதி: 2020 ஜூன் 1-இல் வந்தது. அப்போது 10,000 ரூபாய் கடன், வட்டியில் 7 சதவீதம் மானியம், சரியாகக் கட்டினால் அடுத்து 20,000, பிறகு 50,000 என்று இருந்தது. வியாபாரச் சான்று இல்லாதவர் நகராட்சியில் பரிந்துரைக் கடிதம் வாங்க வேண்டியிருந்தது. மாதம் 200 டிஜிட்டல் பரிமாற்றம் இருந்தால் 100 ரூபாய் திரும்பி வந்தது, ஒவ்வொன்றும் 25 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று நிபந்தனை. 10 ரூபாய் வடை விற்பவருக்கு அந்த 25 எட்டாத கிளை.

நூல்கண்டு

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் பிப்ரவரி 29 இருப்பு, செப்டம்பர் இசிஆர், 78 நாள், அரிசி அட்டை. கேட்பது இரண்டுதான். கூலி மானியம் என்றால் மூடிய மாதத்துக்கு, முந்தைய 12 மாத சராசரிக் கூலியை வைத்து, தொழிலாளி கணக்கிலேயே போட வேண்டும். பிஎஃப், இஎஸ்ஐ இரண்டிலும் ஆதாரும் வங்கிக் கணக்கும் ஏற்கெனவே இருக்கின்றன, புது ஏற்பாடு தேவையில்லை. கடன் என்றால் ஒரு நாள் இருப்பை விட்டு 12 மாத சராசரி பாக்கியையும், கடன் இல்லாதவருக்கு ஜிஎஸ்டி விற்றுமுதலையும் அளவாக வைக்க வேண்டும்.

கிளை மேலாளர் ஓய்வு

சராசரிக்கு நானும் உடன்படுகிறேன். வங்கியில் அந்தக் கணக்கு ஒரு பொத்தானில் வரும்.

கடைசியாக, இப்போது செய்ய வேண்டிய ஒன்று. 2020-இல் வாங்கிய நாலு வருடக் கடன்கள் 2024-இல் முடிந்தவை. கடன் அடைந்தாலும் இரண்டாம் உரிமை தானாக நீங்காது. பிரைவேட் லிமிடெட் என்றால் 30 நாளுக்குள் சிஎச்ஜி-4 (கடன் தீர்ந்தது என்று கம்பெனிப் பதிவாளருக்குத் தரும் படிவம்) தாக்கல் செய்ய வேண்டும். பங்குதாரர் நிறுவனமோ தனி உரிமையோ என்றால், அந்தக் கடனுக்கு உரிமை ஆவண ஒப்படைப்பு (சொத்துப் பத்திரத்தை அடமானமாக வங்கியில் கொடுத்தது) பதிந்திருந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் வங்கியின் ரசீது ஆவணத்தைப் பதிய வேண்டும். பதிந்து ஒரு வாரம் கழித்து வில்லங்கச் சான்று எடுத்து, பழைய அடமானப் பதிவு, இசிஎல்ஜிஎஸ் பதிவு இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். பழைய சிசி அடமானம் தொடர்ந்தால் அந்தப் பதிவு இருக்கும், இருக்கவும் வேண்டும். இசிஎல்ஜிஎஸ் கடனுக்கான பதிவு மட்டும் போயிருக்க வேண்டும்.